போல்ட்டுவின் பல்லும் முனுசாமியின் கையும்

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு வைத்தியத்தைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. மருந்துகள் மாறிவிட்டன. உங்கள் புத்தகங்கள் என் புத்தகங்களைவிடக் கனமானவை. என்னிடம் மிச்சம் இருப்பவை சில மத்தியானங்கள்தான். அவற்றில் ஒன்றை இன்று உங்களுக்குத் தருகிறேன். அது ஒரு பூனைக்குட்டியின் கதை. மாடும் எருமையும் பார்க்க வந்த நமக்குப் பூனைக்குட்டி ஒரு பொருட்டா என்று சிரிக்காதீர்கள். பிரசவம் சிக்கிய எருமையின் முன்னால்கூட நான் தடுமாறியதில்லை. அந்தக் குட்டியின் கூண்டுக்கு முன்னால் தடுமாறினேன்.

எழுபதுகளின் தொடக்கம். பூந்தமல்லியில் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு சிறிய கால்நடை மருந்தகத்தில் நான் டாக்டராக இருந்தேன். மாட்டுக்கு ஊசி போடப் பொம்பளை டாக்டரா என்று வந்தவர்கள் எல்லாரும் முதல் நாள் கேட்டார்கள். இரண்டாம் முறை வந்தபோது யாரும் கேட்கவில்லை. சாலையின் இருபுறமும் புளியமரங்கள் கைகோத்து நின்றன. வெயில் ஏறிவிட்டால் லாரிகளின் இரைச்சல்கூட, யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல மங்கலாகத்தான் காதில் விழும். மல்லிகைத் தோட்டத்துக் காற்று ஜன்னல் வழியே வந்து உள்ளேயிருக்கும் பினாயில் வாசனையோடு கலந்துவிடும். அந்தக் கலவை இன்றும் எனக்குக் கனவில் வருகிறது. கண் விழித்த பிறகும் சிறிது நேரம் தலையணையில் இருக்கும்.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் முனுசாமி வந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுபவர். வேலப்பன்சாவடிப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டு வரிசையில் தனியாகக் குடியிருந்தார். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். சைக்கிளை நிறுத்திவிட்டு, சாப்பாட்டு டப்பாவைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"டாக்டரம்மா, இது பொயைக்குமா பாரு."

டப்பாவுக்குள் மெஷின் துடைக்கும் பஞ்சு. பஞ்சுக்கு நடுவில், கண் திறந்து சில நாட்களே ஆன ஒரு சாம்பல் நிறக் குட்டி.

"கம்பெனியாண்ட லாரிக்காரன் பின்னால எடுத்தாம்மா. தாய்ப்பூனை அப்டியே பூட்சு. கூட இருந்த குட்டிங்களும் பூட்சு. இது மட்டும் போல்ட்டுப் பெட்டிக்குள்ள வுயுந்து கத்திகினு கெடந்துச்சு. இன்னா பண்றதுன்னே தெர்ல."

சொட்டுக்குழாயில் பால் புகட்டுவதையும், ஈரத்துணியால் வயிற்றை நீவி விடுவதையும் காட்டிக் கொடுத்தேன். அந்த முரட்டு விரல்கள் அதை எவ்வளவு மெதுவாகச் செய்தன என்பதை நான் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டிக்குப் போல்ட்டு என்று பெயர் வைத்தார்.

அது பிழைத்தது. மாதம் ஒருமுறையாவது சைக்கிள் கைப்பிடியில் தொங்கும் பையில் தலையை நீட்டிக்கொண்டு வரும். முனுசாமி கையை மேசைமேல் வைத்து விரல்களை நண்டு மாதிரி ஆட்டுவார். போல்ட்டு பாய்ந்து நான்கு காலாலும் கட்டிக்கொண்டு, பின்னங்காலால் உதைத்தபடி கையைக் கடிக்கும். அவர் ஊர் கேட்கச் சிரிப்பார். "பூனைன்னு நெனச்சுக்காத. புலிம்மா இது, புலி!" இரும்பைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை அது. அவருக்கு அது வலித்ததே இல்லை.

பிறகு அந்த நாள் வந்தது.

கம்பவுண்டர் லீவு. நான் மட்டும் இருந்தேன். புளியம்பூ கொட்டிக்கிடந்த சாலையில் ஒரு கூட்டம் வருவது ஜன்னலில் தெரிந்தது. வெயிலில் உருவங்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல நெளிந்தன. முதலில் ஏதோ ஊர்வலம் என்று நினைத்தேன். கிட்டே வந்தபோதுதான் முன்னால் வந்த பெண்ணின் முகம் தெரிந்தது. முனுசாமிக்குப் பக்கத்து வீடு, பூக்கட்டும் பார்வதி. இடுப்பில் ஏழு வயதுப் பெண் செல்வி. செல்வியின் மணிக்கட்டில் மஞ்சள் அப்பிய துணி. பின்னால் ஒருவன் கையில் சவுக்குக் கட்டை. எல்லாருக்கும் பின்னால் ஒரு கோணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு முனுசாமி.

"கட்ச்சிட்ச்சி டாக்டரம்மா! வெறி புடிச்ச பூனை! எம் பொண்ணு கைய கட்ச்சிட்ச்சி!"

"அங்கியே அட்ச்சிப் போட்ருப்போம். இந்த ஆளு குடுக்கல. நீயே ஒரு வார்த்த சொல்லு, இங்கயே முட்ச்சிடுறோம்" என்றான் கட்டை வைத்திருந்தவன்.

வெறிநோய் என்ற சொல்லுக்கு அன்று இருந்த பயத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? வந்துவிட்டால் சாவுதான். வராமல் தடுக்க வேண்டுமானால் பட்டணத்து ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி நாள் தவறாமல் ஊசி. அந்த ஊசியின் பெயரைச் சொன்னாலே பெரிய ஆண்களும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

கூட்டம் பதில் கேட்டது. நான் செல்வியைத் தண்ணீர்த் தொட்டிக்கு அழைத்துப்போய், மஞ்சளைக் கழுவி, காயத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கழுவவும் வேண்டும், யோசிக்கவும் நேரம் வேண்டும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் ஒரு பெரிய டாக்டர் இருந்தார். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. மிருகத்தைத் தொடுவதற்கு முன்னால் அதைக் கொண்டுவந்தவரின் கையைப் பார் என்பார் அவர். தண்ணீர் விழுந்துகொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களில் அவர் என் தோளுக்குப் பின்னால் நிற்பதுபோலவே இருந்தது.

திரும்பி முனுசாமியின் கையைப் பார்த்தேன். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை கடித்தடம். ஆறியது, பாதி ஆறியது, நேற்று பட்டது. இன்று திடீரென்று புத்தி கெட்டுக் கடித்த குட்டி இல்லை இது. பல நாளாகக் கடித்துக்கொண்டே இருக்கும் குட்டி.

செல்வியிடம் குனிந்து கேட்டேன். "பாப்பா, அது எப்படிம்மா கடிச்சது?"

"பாய்க்குக் கீய கைய வுட்டு இப்டி ஆட்னேன். மாமா ஆட்ற மாறியே."

எனக்குப் பாதி விளங்கிவிட்டது. ஆனால் பாதியை நம்பி ஒரு குழந்தையின் உயிரை வைக்க முடியாது. கொன்று தலையைப் பரிசோதனைக்கு அனுப்பும் வழி இருந்தது. அதில் ஒன்றும் தெரியவில்லை என்று பதில் வந்தால், நோயே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"கொல்லலாம்" என்றேன். சத்தம் அடங்கியது. முனுசாமி பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "கொன்னுட்டா, இதுக்கு நோய் இருந்ததா இல்லையான்னு நமக்குத் தெரியாமலே போயிடும். பாப்பா எல்லா ஊசியையும் போட்டே ஆகணும். உயிரோட இருந்தா, பத்து நாள் பூட்டி வச்சுப் பார்ப்பேன். நோய் இருந்தா அதுக்குள்ள காட்டிக் குடுத்துடும். நல்லா இருந்துச்சுன்னா மிச்ச ஊசியை நிறுத்தச் சொல்லி நானே ஆஸ்பத்திரி டாக்டருக்கு எழுதித் தரேன். ஆனா இன்னிக்கே போய் ஊசியை ஆரம்பிக்கணும். அதுல ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது."

பார்வதி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். காற்றில் புளிய இலை உதிர்ந்து அவள் தலையில் விழுந்தது. அவள் தட்டிவிடவில்லை. பிறகு செல்வியை இறக்கிவிட்டு, நேராகப் போய்க் கட்டையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள்.

"இந்தப் பூனை மேல எவன் கைய வெச்சாலும் நான் இன்னா செய்வேன்னு எனக்கே தெரியாது. போங்கடா!"

தம்பிகளே, தங்கைகளே, நம்மிடம் வருகிறவர்களோடு சண்டை போட்டு ஜெயிக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு எது உயிரோ அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டினால் போதும். அவர்களே வந்து நிற்பார்கள்.

போல்ட்டுவைப் பின்னறைக் கூண்டில் வைத்தேன். யாரும் தொடக் கூடாது, கம்பிக்கு வெளியிலிருந்துதான் சோறும் தண்ணீரும். பிறந்ததிலிருந்து ஒரு கையின் சூட்டிலேயே வளர்ந்த குட்டி. கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதன் கண்ணில் ஜன்னலும், ஜன்னலில் புளியமரமும், மரத்துக்குள் வானமும் சின்னதாகத் தெரியும்.

பார்வதி தினமும் வந்தாள். பட்டணத்திலிருந்து ஊசி போட்டுக்கொண்டு திரும்பும் பஸ் எங்கள் வாசலில் நிற்கும். வாடிய செல்வியைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்குவாள். என்னைக் கேட்க மாட்டாள். நேராகக் கூண்டருகே போய், எட்ட நின்று, போல்ட்டுவையே கேட்பாள்.

"சாப்ட்டியா? ஏண்டி மொறைக்கிற? நல்லா சாப்டு. திருவேற்காட்டு ஆத்தாவுக்கு உம் பேர்லதான் வேண்டிகினு கீறேன்."

பாதி நாட்கள் நல்லபடியாகக் கழிந்தன. பிறகு ஒரு காலை சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. குட்டி மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாயோரம் ஈரம் மின்னியது. தண்ணீர்க் கிண்ணத்தைத் தள்ளினேன். முகர்ந்துவிட்டுப் பின்வாங்கியது.

வாயில் நீர் வழிகிறது, சோறு இறங்கவில்லை, இருட்டைத் தேடுகிறது. வெறிநோய்க்கு நீங்கள் படித்த அடையாளங்களைத்தான் நானும் படித்திருந்தேன். நான் இந்தக் குட்டியை நம்ப ஆரம்பித்திருந்தேன், அதுதான் அபாயம். ஒன்றுமில்லை என்று எழுதத் தயாராக இருந்த மனதை இழுத்துப் பிடித்து உட்காரவைத்தேன்.

மத்தியான பஸ் வந்தது. பார்வதி கேட்டாள். "சாப்ட்டுச்சா?"

ஆம் என்று சொல்ல நாக்கு துடித்தது. "இல்லைம்மா. இன்னிக்குச் சாப்பிடலை. ஊசியை நிறுத்த முடியாது. நாளைக்கும் போடணும்."

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. மடியிலிருந்த மிச்சப் பூவை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். பூவும் நாரும் அவள் விரல்களில் தானாக ஓடின. செல்வி அவள் மடியில் தூங்கிவிட்டாள். அறையில் மல்லிகை வாசனை நிரம்பியது. நான் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கூண்டின் எதிரே உட்கார்ந்தேன். வேறு எந்த வேலையும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டிருப்பதும் நம் வேலையில் ஒரு பகுதிதான், அதுவே கடினமான பகுதி.

வெயில் தரையில் கூண்டுக் கம்பிகளின் நிழலை வரைந்து, மெல்ல நகர்த்திக்கொண்டே போனது. அந்த வெளிச்சக் கோடு கூண்டுக்குள் ஏறியபோது தட்டின் ஓரத்தில் ஏதோ மின்னியது. நொய்யரிசி என்று நினைத்தேன். நீண்ட இடுக்கியை உள்ளே விட்டு எடுத்தேன். அரிசி இல்லை. பல். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பால்பல்.

அதே நேரத்தில் வாசலில் சைக்கிள் மணி. முனுசாமி வேலை முடிந்து வந்திருந்தார். அவர் செருமும் சத்தம் கேட்டதும் போல்ட்டு எழுந்தது. சோம்பல் முறித்துக் கம்பியருகே வந்து வாயை நன்றாகத் திறந்து ஒரு சத்தம் போட்டது. முன்பல் இருந்த இடத்தில் சிவந்த பள்ளம் தெரிந்தது. பிறகு, கிண்ணத்தில் முகத்தை வைத்து மெதுவாக, கோணலாக, தண்ணீர் குடித்தது. விழுங்கியது. மறுபடி குடித்தது.

"பால்பல்லு விழுந்து புதுப்பல்லு முளைக்குது" என்றேன். என் குரல் எனக்கே தூரத்திலிருந்து கேட்டது. "வலியில சாப்பிடலை போல. ஆனா கெடு முடியட்டும். அதுவரைக்கும் நான் எதையும் சொல்ல மாட்டேன்."

கெடு முடிந்தது. போல்ட்டு வயிறு புடைக்கத் தின்றுவிட்டுத் தூங்கியது. நான் எழுதிக் கொடுத்தேன், செல்விக்கு ஊசி நின்றது. பார்வதி திருவேற்காட்டுக்குப் போய் வேண்டுதலை முடித்துவிட்டு வந்தாள். எனக்கும் கொஞ்சம் குங்குமம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு முனுசாமியைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணாத்தே, அது நல்லா இருக்கட்டும். ஆனா நம்ம ஊட்டாண்ட வேணாம். எம் பொண்ணு பூனை சத்தம் கேட்டாலே நடுங்குது."

முனுசாமியின் பெரிய உடம்பு பெஞ்சில் கூனிப்போய் உட்கார்ந்தது.

"எனக்கு ஒரு மழைக்காலம் குடும்மா" என்று பார்வதியிடம் நான் கேட்டேன். "அதுவரைக்கும் கதவைச் சாத்தி உள்ளேயே வச்சுக்கட்டும். அதுக்கப்புறமும் கடிச்சா பூனையை நானே வாங்கி வச்சுக்கறேன்."

அவள் போன பிறகு முனுசாமியிடம் பேசினேன். இப்போது உங்கள் பாடத்தில் இதெல்லாம் இருக்கலாம். எங்கள் பாடத்தில் இல்லை. தெருவில் குட்டிகள் விளையாடுவதை ஜன்னலில் பார்த்துப் பார்த்து எனக்குத் தெரிந்ததுதான். "கூடப் பிறந்ததுங்க இருந்தா ஒண்ணை ஒண்ணு கடிக்கும். அழுத்திக் கடிச்சா மத்தது கத்திட்டு ஆட்டத்தை விட்டுப் போயிடும். எவ்வளவு கடிச்சா வலிக்கும்னு அப்படித்தான் அதுங்களுக்குத் தெரியும். இதுக்கு அதைச் சொல்லிக் குடுக்க யாருமில்லை. நீங்க சிரிச்சீங்க. கடிச்சாச் சிரிப்பாங்கன்னு கத்துக்கிச்சு."

"அப்போ ரெண்டு தட்டு தட்டட்டா?"

"தட்டினா கையைப் பார்த்தாலே பயப்படும். பயந்தா இன்னும் கடிக்கும். கையை இனிமே விளையாட்டுக்குக் குடுக்காதீங்க. குச்சியில துணியைக் கட்டி ஆட்டுங்க. தப்பித் தவறிக் கையில பல் பட்டா, குட்டி மாதிரி ஒரு கத்துக் கத்துங்க. கையை இழுக்காதீங்க, அப்படியே வச்சிருங்க. விட்டதும் எழுந்து போயிடுங்க. கொஞ்ச நேரம் அது பக்கமே திரும்பக் கூடாது."

"நான் குட்டி மாறி கத்தணுமா?"

"ஆமா."

கிரேன் மேலேயிருந்து முழு ஷெட்டையும் அதட்டும் குரல் அவருக்கு. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மீ..." என்று கத்திப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. முகம் அவ்வளவு கவனமாக இருந்தது.

அந்த ஆடியிலும் ஆவணியிலும் அந்த ஓட்டு வீட்டு வரிசையில் இருந்தவர்கள் சாயங்காலமானால் ஒரு பெரிய மனுஷன் பூனைக்குட்டி போலக் கத்துவதைக் கேட்டார்கள். கத்திவிட்டுத் தன் வீட்டிலிருந்தே வெளியேறி, கதவைச் சாத்தி, வாசலில் சுவரைப் பார்த்து நிற்பாராம். உள்ளே போல்ட்டு அழுமாம். திறக்க மாட்டாராம். பிறகு திறந்து குச்சியும் துணியுமாக ஆட்டம், ஆட்டம் முடிந்ததும் கருவாட்டுத் தலை, அப்புறம் தூக்கம். நாள் தவறாமல் அதே வரிசை. மழை தொடங்கியபோது அவர் என்னிடம் கையைக் காட்ட வந்தார். காய்ப்பு மட்டும் இருந்தது, புதிதாக ஒரு கீறல் இல்லை. செல்வி இப்போது தன் வீட்டு ஜன்னலிலிருந்து அந்த ஆட்டத்தைப் பார்க்கிறாள் என்றார். பிறகொரு நாள், வாசல்வரை வந்து குச்சியை வாங்கி ஆட்டினாள் என்றார். பார்வதி பார்த்தும் பார்க்காததுபோல உள்ளே போய்விட்டாளாம்.

மழை விட்டு வெளிறிய வெயில் அடித்த ஒரு காலை. மருந்தகத்து முற்றத்தில் தேங்கிய தண்ணீரில் மேகங்கள் போய்க்கொண்டிருந்தன. அந்த மேகங்களை மிதித்துக்கொண்டு பார்வதி ஓடி வந்தாள், செல்வியின் கையை மணிக்கட்டில் பிடித்து முன்னால் நீட்டியபடி. பின்னால் சைக்கிளைக்கூட மறந்துவிட்டு, வெறுங்காலோடு முனுசாமி.

"மறுபடியும் வாய வெச்சிட்ச்சி டாக்டரம்மா!"

சாலையில் ஒரு லாரி டயர் வெடித்திருக்கிறது. மதில்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த போல்ட்டு மிரண்டு பாய்ந்து, கீழே குழாயடியில் நின்ற செல்வியின் மேல் விழுந்திருக்கிறது. நான்கு காலாலும் பாவாடையைப் பற்றிக்கொண்டு, அவள் முன்கையை வாயில் பிடித்திருக்கிறது.

ஒரு மிருகம் உண்மையில் என்ன கற்றுக்கொண்டது என்பது அது அமைதியாக இருக்கும்போது தெரியாது. உயிர்ப் பயத்தில் இருக்கும்போதுதான் தெரியும். எனக்கும் அந்தக் கணத்தில் ஒன்றும் தெரியாது. கையைக் கழுவுவதற்கு முன்னால் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தோளிலிருந்து விரல்வரை ஒவ்வோர் அங்குலமாகத் திருப்பிப் பார்த்தேன். முன்கையில் ஓரிடத்தில் பூனைமயிர் ஒட்டிய ஈரம். ஈரத்தைத் துடைத்தேன். கீழே வழவழவென்ற தோல். ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை, சிவப்புகூட இல்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

"தோல் கிழியவே இல்லை. ஊசி வேண்டாம்" என்றேன்.

"கடிக்கல டாக்டரம்மா" என்றாள் செல்வி. அவள் அழுதிருக்கவே இல்லை என்று அப்போதுதான் கவனித்தேன். "நான் சொல்லிகினேதான் வந்தேன். அம்மா கேக்கல. அது பயந்துகினு என் கைய புட்ச்சிகிச்சு. அவ்ளோதான்."

பார்வதி பெஞ்சில் உட்கார்ந்தாள். மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு சட்டென்று நிமிர்ந்து முனுசாமியைப் பார்த்தாள்.

"அண்ணாத்தே, அது இப்போ எங்க கீது?"

"தெர்லயே. ரோட்டுப் பக்கம் ஓடுச்சு. நான் உன் பின்னால வந்துட்டேன்."

"ரோட்டுப் பக்கமா? லாரி வர்ற ரோடாச்சே! இன்னாத்துக்கு இங்க நின்னுகினு கீற? வா, போய்த் தேடலாம். செல்வி, நீ கூப்புடு, உன் சத்தத்துக்குத்தான் வரும்."

மூன்று பேரும் முற்றத்துத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓடினார்கள். புளியமரங்களுக்கு அடியில் "போல்ட்டு, போல்ட்டு" என்று செல்வியின் குரல் முதலிலும் பார்வதியின் குரல் அதைவிடச் சத்தமாகவும் கேட்டன. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து, சாலை திரும்பும் இடத்தில், அந்தப் பெரிய மனுஷனின் சிரிப்புச் சத்தம் கேட்டது.